ஐயாயிரத்துக்குக் கீழே ஒரு திருட்டு: சிறையா, சேவையா, நன்னடத்தைப் பிணையா?

தாராவி 90 அடி சாலையிலிருந்து விடிகாலையிலேயே இட்லிப் பாத்திரத்தை சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புகிற அண்ணன் ஒருவர் எங்கள் சந்தில் இருக்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மாட்டுங்கா, சயான் தெருக்களில் ஹாரன் அடித்துக்கொண்டே விற்றுவிட்டுப் பதினொரு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார். போன மாதம் ஒரு காலை, சட்னி ஊற்ற அவர் திரும்பிய நேரத்தில் சைக்கிளில் தொங்கிய பையைக் காணவில்லை. உள்ளே 2,300 ரூபாய் வசூலும் ஒரு பழைய ஃபோனும் இருந்தன. எடுத்தது யார் என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. இரண்டு சந்து தள்ளி இருக்கிற பையன்தான். 19 வயது. இதற்கு முன் அவன்மேல் ஒரு வழக்கும் இல்லை.

சட்ட உதவித் தன்னார்வலராக நான் சில வருடங்களாகக் கோர்ட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் போய்வருகிறேன். அதனால் அண்ணன் என்னிடம் வந்தார். "என்னம்மா செய்யலாம்?"

அவர் வருவதற்கு முன்பே தெரு இரண்டு யோசனைகளைச் சொல்லியிருந்தது. நாலு சாத்து சாத்தி விட்டுவிடு என்பது ஒன்று. இன்னொன்று கொஞ்சம் விவரமானது: "ஃபோன் எட்டாயிரம் ரூபாய் என்று எழுதிக்கொடு. இல்லையென்றால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினான் என்று சொல். அப்போதுதான் உள்ளே போவான்."

முதல் யோசனையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அடி வாங்கித் திருந்திய பையனை நான் பார்த்ததில்லை. அடித்தவர்களில் ஒருவர்மேல் வழக்கு வந்து, திருட்டுக் கொடுத்தவரே கோர்ட்டுக்கு அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது யோசனைதான் என்னைத் தூங்க விடவில்லை. சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது என்று சரியாகத் தெரிந்தவர் சொன்ன பேச்சு அது.

அந்தக் கோடு இதுதான். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தண்டனைகளின் பட்டியலில் சமூக சேவையும் முதன்முறையாகச் சேர்ந்தது. ஆறு குற்றங்களுக்கு மட்டும் அது உண்டு. குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்வது, அவதூறு, அரசு ஊழியர் விதியை மீறி வியாபாரம் செய்வது எல்லாம் அதில் வரும். எங்கள் மாதிரி பேட்டைகளுக்கு முக்கியமானது 303ஆம் பிரிவு. திருடிய பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, குற்றவாளிக்கு அதுதான் முதல் தண்டனையாக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவை. அந்தத் திருட்டுக்கு ஜாமீன் உண்டு. மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் தானாக விசாரிக்கவோ கைது செய்யவோ முடியாது. மும்பையில் நாம் 'என்.சி. எழுதிக் கொடுத்தார்கள்' என்று சொல்கிற வகை; என்.சி. என்றால் நான்-காக்னிசபிள், போலீஸ் தானாகக் கையில் எடுக்க முடியாத குற்றம்.

5,000ஐத் தாண்டினால் அதே பிரிவில் மூன்று வருடம் வரை சிறை. பிடுங்கிக்கொண்டு ஓடினால் அது 304, பறிப்பு. அதற்கும் மூன்று வருடம் வரை, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. லோக்கல் ரயிலில் வைத்திருந்த பையை எடுத்தால் வாகனத்திலிருந்து திருடியதாக 305ஆம் பிரிவுக்குப் போய்விடும், ஏழு வருடம் வரை. ஆக, ஒரே பையன் செய்த ஒரே காரியம், புகாரில் எழுதப்படும் ஒரு வரியைப் பொறுத்து வேறு வேறு இடத்தில் போய் முடியும். சிறையா சேவையா என்பதை நீதிபதிதான் தீர்மானிக்கிறார் என்று நினைக்கிறோம். பாதித் தீர்மானம் காவல் நிலைய மேசையிலேயே, புகார் கொடுப்பவர் சொல்கிற விலையிலேயே முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்த ஒப்பீட்டை வக்கீல்களுக்காக இல்லாமல் அண்ணனைப் போல் புகார் எழுதப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

சரி, எட்டாயிரம் என்று எழுதினால் என்ன ஆகும்?

பையன் மும்பை ஆர்தர் ரோடு சிறைக்குப் போவான். தண்டனைக் கைதியாக இல்லை, விசாரணைக் கைதியாக. சுமார் 800 பேருக்கான இடம் என்று கணக்கிடப்பட்ட அந்தச் சிறையில் 3,000 பேருக்கு மேல் இருந்த காலங்கள் உண்டு. நாடு முழுக்க 2022 முடிவில் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 5.73 லட்சம் பேர், அவர்களில் 4.34 லட்சம் பேர் வழக்கு முடியாதவர்கள். நூறு இடத்தில் 131 பேர். நால்வரில் மூவர் குற்றவாளி என்று இன்னும் எந்த நீதிமன்றமும் சொல்லாதவர்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, முதல் முறை மாட்டியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் வெளியே விட வேண்டும் என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் மூன்று வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஒரு முழு வருடம். ஜாமீன்தாரர் கிடைக்காத வீட்டுப் பையனுக்கு, 8,000 ரூபாய் ஃபோனுக்காக அந்த ஒரு வருடம் வரை போகலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஜாமீன்தாரர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அம்மா வேலையை விட்டு முலாகாத்துக்கு, அதாவது சிறையில் மகனைப் பார்ப்பதற்கு, வரிசையில் நிற்பாள். பையன் பார்த்துக்கொண்டிருந்த வேலையில் வேறு ஆள் வந்துவிடுவான். உள்ளே அவனுக்குப் பக்கத்தில் படுத்திருப்பவர் யாராகவும் இருக்கலாம். இடிக்காமல் படுக்கவே இடமில்லாத பேரக்கில் நல்லவன் பக்கம் படுக்கிறேன் என்று கேட்க முடியாது. வெளியே வந்தபின் அவனுக்கு வேலை தருகிறவர்கள் குறைவு. கூப்பிட்டுப் பேசுகிறவர்கள் உள்ளே பழகியவர்கள்.

சிறைக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. உள்ளே இருக்கிற நாட்களில் அவன் மாட்டுங்காவில் திருட முடியாது. அது உண்மைதான். கத்தி காட்டுகிறவன், பெண்களைத் தொடுகிறவன், ஏழாவது முறையாகப் பூட்டை உடைக்கிறவன் ஆகியோரைத் தெருவிலிருந்து விலக்கி வைப்பதற்கு அந்த ஒரு காரணமே போதும். கேள்வி முதல்முறை சின்னத் திருட்டைப் பற்றியது. வெளியே வருகிற நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் என்ன ஆகிறது?

வெளிநாட்டில் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்து நீதி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான குற்றவாளிகளை இணை சேர்த்துப் பார்த்தார்கள். 12 மாதத்துக்குக் குறைவாகச் சிறை போய் வந்தவர்கள், சமூகத்தில் இருந்தபடி தண்டனை அனுபவித்தவர்களைவிட மறுபடி குற்றம் செய்வது ஏறத்தாழ 4 சதவீதப் புள்ளி அதிகமாக இருந்தது. நெதர்லாந்தில் 2010இல் வந்த ஓர் ஆய்வில் வித்தியாசம் இன்னும் பெரிது. குறுகிய சிறைக்குப் பதில் சேவை செய்தவர்களிடம் மறுகுற்றம் பாதிக்கு நெருக்கமாகக் குறைந்திருந்தது. சுவிட்சர்லாந்தில் இரண்டு வாரம் வரையான தண்டனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தபோது, நீண்ட காலத்தில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மூன்றையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இது: சேவை மந்திரம் செய்யவில்லை. சில இடத்தில் நன்றாகவே வேலை செய்கிறது, சில இடத்தில் சிறைக்குச் சமமாக நிற்கிறது. குறுகிய சிறையைவிட மோசமாகப் போனதாக இந்த மூன்றில் ஒன்றும் சொல்லவில்லை. சமமாகவே நின்றாலும் அம்மா முலாகாத் வரிசையில் நிற்க வேண்டாம், வேலை போகாது, அரசு ஒரு ஆளைச் சாப்பாடு போட்டுக் காவல் காக்க வேண்டாம். எனக்கு அதுவே போதுமான காரணம். ஸ்காட்லாந்து 12 மாதம் வரையான சிறைத் தண்டனையை வேறு வழியே இல்லாவிட்டால்தான் கொடுக்க வேண்டும் என்று 2019இல் விதி வைத்தது.

ஆனால் இங்கேதான் நான் நிதானமாகப் பேச விரும்புகிறேன். சேவைத் தண்டனை என்று பேர் வைத்துவிட்டால் மட்டும் போதாது. இங்கிலாந்தில் 1972 சட்டத்தில் இதைக் கொண்டுவந்தபோதே 40 மணியிலிருந்து 240 மணி வரை என்று எழுதினார்கள். இப்போது 300 வரை. யார் மேற்பார்வை, வராவிட்டால் என்ன என்பதெல்லாம் ஏற்பாட்டோடு வந்தது. நம் சட்டம் சமூக சேவையை விளக்குவது ஒரே வாக்கியத்தில்: சமூகத்துக்குப் பயன்படும்படி நீதிமன்றம் உத்தரவிடும் வேலை, அதற்குக் கூலி கிடையாது. எத்தனை மணி, எங்கே, யார் கையெழுத்துப் போடுவார் என்பது அந்த வரியில் இல்லை. செய்யாமல் விட்டால் சிறை என்பது மட்டும் தனியாக இருக்கிறது. அப்படியானால் ஒரு மாஜிஸ்திரேட் மூன்று நாள் என்பார், இன்னொருவர் இரண்டு மாதம் என்பார்.

ஃபின்லாந்துக்காரர்கள் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடிக்கும். 1991இல் சோதனையாகத் தொடங்கி 1994இல் நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். நீதிபதி முதலில் இந்தக் குற்றத்துக்குச் சிறைதான் என்று தீர்மானிக்க வேண்டும். அது 8 மாதத்துக்கு மேற்படாமல் இருந்தால் மட்டுமே அதைச் சேவையாக மாற்றலாம். அதன் அர்த்தம், எச்சரித்து அனுப்ப வேண்டியவனைப் பிடித்து வேலை வாங்குவதற்கு இந்தத் தண்டனை பயன்படக் கூடாது. நம் ஊரில் அந்தப் பயம் நியாயமானது. முன்பு ஸ்டேஷனில் திட்டி அனுப்பப்பட்ட பையனுக்கு இப்போது ஒரு தண்டனைப் பதிவு விழுந்துவிட்டால், சிறை ஒன்றும் குறையவில்லை, தண்டனைதான் கூடியிருக்கிறது.

பணக்கார நாட்டுக் கதை நமக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு ஜிம்பாப்வேயைச் சொல்வேன். 1990களின் தொடக்கத்தில் சிறைகள் பிதுங்கியபோது அங்கே சேவைத் தண்டனையைத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் வேலை. 1997இல் மற்ற ஆப்பிரிக்க நாடுகளும் அங்கே கடோமா என்ற ஊரில் கூடி இதைப் பரப்புவதற்கு ஒரு பிரகடனமே வெளியிட்டன. பணம் குறைவாக இருந்த இடத்தில் ஏற்பாடு நடந்திருக்கிறது.

மும்பையில் என்ன வேலை கொடுப்பது? இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் பேசித்தான் ஆக வேண்டும். சமூக சேவை என்றதும் எல்லோர் வாயிலும் வருவது துடைப்பம். தெருவைக் கூட்டு, கழிப்பறையைக் கழுவு. எங்கள் பேட்டையில் எத்தனை குடும்பங்கள் பாட்டன் காலத்திலிருந்து இந்த மாநகரத்தின் குப்பையையும் சாக்கடையையும் சுமந்தன என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பையனைத் தண்டனை என்ற பெயரில் மறுபடி அதே துடைப்பத்திடம் அனுப்புவதும், வேறு சாதிப் பையனை நூலகத்தில் புத்தகம் அடுக்கச் சொல்வதும் நடக்கவே நடக்காது என்று யாராவது உறுதி சொல்வார்களா? 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. சிறைக்குள் கூடாதது சிறைக்கு வெளியே எப்படிக் கூடும்? சேவைத் தண்டனையை நான் ஆதரிப்பதற்கு இது ஒரு கறாரான நிபந்தனை.

துடைப்பம் இல்லாமல் எத்தனையோ வேலை இருக்கிறது. சயான் ஆஸ்பத்திரியில் கேஸ் பேப்பர் (நோயாளிச் சீட்டு) எடுக்கிற ஜன்னலில் காலை ஏழு மணிக்கே கூட்டம். ஊரிலிருந்து வந்த கிழவிக்கு மராட்டியும் தெரியாது, இந்தியும் தெரியாது. எந்த நம்பர் ஓ.பி.டி. (புறநோயாளிப் பிரிவு), எக்ஸ்ரே எங்கே என்று அலைவாள். இந்தப் பையனுக்குத் தமிழ், இந்தி, மராட்டி மூன்றும் தண்ணி பட்ட பாடு. அங்கே வாரம் ஒரு நாள் நான்கு மணி நேரம் நிற்கட்டும், வீல்சேர் தள்ளட்டும், ஆளைக் கூட்டிப் போகட்டும். அந்தக் கிழவிக்கு அவன் திருடன் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நன்றாக இருப்பா என்று அவள் சொல்லிவிட்டுப் போவாள். அந்தச் சொல் ஆர்தர் ரோடில் கிடைக்காது. வேலை நாளைக் கெடுக்காமல் அவன் விடுமுறை நாளில் மணிகளை வைக்க வேண்டும். சம்பளத்தை வெட்டினால் மறுபடி அடுத்தவன் பையைத்தான் பார்ப்பான்.

இதுவரை படித்தவர்கள் சேவையே சரி என்று முடிவுக்கு வந்திருக்கலாம். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. பிறகுதான், யாரும் கேட்காமல் மூலையில் கிடக்கிற இன்னொரு வழியை உட்கார்ந்து படித்தேன்: நன்னடத்தைப் பிணை. 1958ஆம் வருடத்துச் சட்டம். அதற்கும் முன்பே, 1936லேயே, நம் சென்னை மாகாணம் தனக்கென்று ஒரு நன்னடத்தைச் சட்டம் போட்டிருக்கிறது. குற்றம் நிரூபணமான பிறகும் சிறைக்கு அனுப்பாமல், மூன்று வருடம் வரை ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். நன்னடத்தை அலுவலர் ஒருவரின் மேற்பார்வையிலும் வைக்கலாம். பொருளை இழந்தவருக்கு இழப்பீடும் செலவும் கொடுக்கச் சொல்லலாம். 21 வயதுக்குக் கீழே இருந்தால், இந்தச் சட்டம் பொருந்தும் குற்றங்களில், சிறைக்கு அனுப்புவதற்கு நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். இதெல்லாவற்றையும்விட முக்கியமானது 12ஆம் பிரிவு: பிணையில் விடப்பட்டவருக்கு, தண்டனை பெற்றதால் வரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது.

சேவைத் தண்டனைக்கு இப்படி ஒரு வரி இல்லை. அது தண்டனைதான், பதிவுதான். அப்புறம் அதே 303ஆம் பிரிவில் இரண்டாவது முறை தண்டனை விழுந்தால் குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் கடுங்காவல். நாலு வாரம் ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டால் எல்லாம் கழிந்தது என்று பையன் நினைத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டால், அடுத்த முறைக்கான வாசலைத் தானே திறந்து வைக்கிறான். ஒப்புக்கொள்ளுமுன் இதை அவன் அம்மாவிடம் யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

ஆக, பையனின் எதிர்காலத்தை மட்டும் பார்த்தால் என் தராசில் நன்னடத்தைப் பிணை சற்றுக் கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் தெருவுக்கு அது கண்ணுக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டு வந்துவிட்டான், ஒன்றும் நடக்கவில்லை என்று பேச்சு வரும். அடுத்த திருட்டுக்குத் தெரு போலீஸிடம் போகாது, கம்பை எடுக்கும். சேவை கண்ணுக்குத் தெரிகிறது. மேற்பார்வை பார்க்க அலுவலர் இல்லாத பிணையைவிட, ஒருவர் தினமும் கையெழுத்து வாங்குகிற சேவை நல்லது. இரண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லது: பிணையில் விடும்போதே நீதிமன்றம் நிபந்தனை வைக்கலாம், அதைக் கேட்டு வாங்க வேண்டும். இந்த நகரத்தில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் பிரயாஸ் திட்டம் 1990லிருந்து சிறைக்குள்ளும் காவல் நிலையங்களிலும் சமூகப் பணியாளர்களை வைத்து வேலை செய்கிறது. பையனைப் பற்றி நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுக்க இப்படிப் பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லா மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் வேண்டும். நான் கேட்பது பெரிய பட்ஜெட் இல்லை. ஒரு கோர்ட்டுக்கு ஒரு ஆள்.

அபராதத்தைப் பற்றி இரண்டே வரி. கொடுக்க முடிந்தவனுக்கு அது வலிக்காது; முடியாதவனுக்கு அது சிறைக்கு இன்னொரு பெயர். அபராதம் கட்ட முடியாமல் உள்ளே கிடப்பவர்களுக்காக மத்திய அரசு 2023இல் தனியாக உதவித் திட்டமே கொண்டுவர வேண்டி வந்தது.

புனே கதையைக் கேட்காமல் யாரும் என்னை விடுவதில்லை. 2024 மே மாதம், 17 வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி இரண்டு பேர் இறந்தார்கள்; 300 சொல் கட்டுரை எழுது, 15 நாள் டிராஃபிக் போலீஸோடு இரு என்று சிறார் நீதி வாரியம் சொன்னதாக நாடே கொதித்தது. கொதித்தது நியாயம். ஆனால் அது ஜாமீன் நிபந்தனை, தண்டனையே இல்லை. அது இரண்டு உயிர் போன வழக்கு. அந்த ஒரு கோபத்தை வைத்து இட்லிக்காரர் பையை எடுத்தவனுக்கான வழியையும் மூடினால், பாதிக்கப்படப் போவது கார் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் இல்லை.

அண்ணனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். ஃபோன் விலையை உள்ளபடி எழுதுங்கள். எழுதினார்: ரொக்கம் 2,300, ஃபோன் 1,500, மொத்தம் 3,800. என்.சி. கொடுத்தார்கள். வெறும் என்.சி. காகிதத்தோடு நின்றுவிடாமல் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டோம். பையனின் அம்மா இரண்டு தவணையில் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஃபோன் முதல் நாளே வந்துவிட்டது. பொருளுக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் அண்ணன் சமாதானமாகவே போய்விடலாம், சட்டம் அதற்கும் இடம் தருகிறது. அவர் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார்.

"நான் மன்னிச்சிட்டேன்மா. ஆனா மூணு நாள் நான் இட்லி போடல. மாவு புளிச்சுப் போச்சு. அது அவனுக்குத் தெரியணும்."

பணத்தைத் திருப்பித் தருவதோடு அவர் கணக்கு முடியவில்லை. சிறையும் அந்த மூன்று நாளை அவருக்குச் சொல்லித் தராது. அவர் பக்கம் நின்று பார்த்தால், பையன் அவர் முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும், பிறகு போய் எங்காவது உழைக்க வேண்டும். நீதிமன்றத்தில் இரண்டையும் கேட்கப் போகிறோம்: நிபந்தனையோடு பிணை, முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் சேவை, அதுவும் ஆஸ்பத்திரி ஜன்னலில். துடைப்பம் கூடாது என்று மனுவிலேயே எழுதியிருக்கிறேன். தாரீக், அதாவது விசாரணைத் தேதி, அடுத்த மாதம் இரண்டாவது வாரம். அண்ணன் அன்றைக்கு இட்லி வியாபாரத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பையனின் அம்மாவும் வருகிறாள்.